84 கிலோ ஸ்டெப்னியும் 52 கிலோ நானும்

எங்கள் மோட்டார்ஹோமின், அதாவது வீடும் வண்டியும் ஒன்றான பேருந்தின், முதுகில் 2022ஆம் ஆண்டிலிருந்து ஓர் இரும்புத் தாங்கி தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு ஸ்டெப்னியைச் சுமப்பது மட்டுமே அதன் வேலை. ஸ்டெப்னி என்ற சொல் இங்கே டெக்சாஸில் யாருக்கும் புரியாது. ஒருமுறை டயர் கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அது எந்த ஊர்ப் பலகாரம் என்பதுபோல அந்தப் பையன் என்னைப் பார்த்தான். வேல்ஸ் நாட்டு லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று உண்டு. 1900களின் தொடக்கத்தில் அங்கே ஒரு கம்பெனி உபரிச் சக்கரம் செய்து விற்றது, தெருவின் பெயர் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டது. இன்று என் தம்பியின் லாரிப் பட்டறையில், திருவாரூரில், அந்தப் பெயர் சௌக்கியமாக இருக்கிறது.

தம்பிதான் முதலில் கேட்டான்: "லாரிக்காரர்கள் எல்லாம் வண்டிக்கு அடியில் தொங்கவிட்டுக்கொண்டு போகிறார்கள். உங்கள் அமெரிக்க வண்டியில் அதுகூடக் கிடையாதா, அக்கா?"

கிடையாது. மூன்று லட்சம் டாலருக்கு விற்கிற மோட்டார்ஹோமில் துணி துவைக்கும் இயந்திரம் இருக்கும், மின்சாரக் கணப்பு இருக்கும், ஸ்டெப்னி இருக்காது. என்ஜின் பின்னால், தண்ணீர்த் தொட்டிகள் நடுவில், பக்கவாட்டில் பொருள் வைக்கும் அறைகள்; இடமில்லை என்பது ஒரு காரணம். இடம் இருந்தாலும் ஓய்வுபெற்ற ஆட்கள் அதைத் தூக்கி மாட்டப்போவதில்லை, சேவை வண்டியைத்தான் கூப்பிடுவார்கள் என்பது இன்னொரு காரணம். கனடாவின் பிரெவோ பேருந்துகளில் முன் பம்பருக்குப் பின்னால் ஸ்டெப்னிக்கு என்றே ஓர் அறை உண்டு. பிரெவோவை வீடாக மாற்றி ஓட்டுகிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாங்கள் அந்த வரிசையில் இல்லை.

எங்களுடையது 36 அடி நீள டீசல் வண்டி, பழையது, 2021இல் வாங்கினோம். முன்னால் இரண்டு, பின்னால் இரட்டை இரட்டையாக நான்கு, ஆக ஆறு சக்கரங்கள். டயரின் அளவு 275/80 ஆர் 22.5. நிமிர்த்தி வைத்தால் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேல், என் இடுப்பைத் தாண்டும். இரும்பு ரிம்மோடு சேர்த்துக் குளியலறை எடைப்பொறியில் நிறுத்திப் பார்த்தேன்: 185 பவுண்டு, 84 கிலோ. நான் 52 கிலோ. என் கணவருக்கு 2019இல் முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பது மருத்துவர் கட்டளை, அதைக் காவல் காக்க வேண்டியது நான். எனவே எங்கள் வீட்டில் டயர் இலாகா என்னுடையது. நாற்பது ஆண்டுகள் மருந்துக்கடையில் மில்லிகிராம் கணக்குப் பார்த்தவள் இப்போது பவுண்டுக் கணக்குப் பார்க்கிறேன்.

இந்தத் தாங்கியை வாங்க வைத்தது 2021 ஜூலையில் ஒரு நாள். ஐ-10 நெடுஞ்சாலையில் ஓசோனாவைத் தாண்டி ஃபோர்ட் ஸ்டாக்டனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். இடையில் நூறு மைலுக்கு மேல் வெறும் பாலைவனப் புதர். வேக வரம்பு 80 மைல். எங்கள் டயர்களுக்கே 75தான் வரம்பு என்பதால் நான் 62க்கு மேல் போவதில்லை. காற்றழுத்தக் கருவி அலறியது. முன் வலது டயர். நல்லவேளையாக வெடிக்கவில்லை, இறங்கிக்கொண்டே இருந்தது. அடுத்த இறங்குபாதையில் ஓரங்கட்டினேன். காலை பதினொன்றே கால்.

சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டோம். ஆள் உடனே கிடைத்தார், டயர்தான் கிடைக்கவில்லை. மாலை நான்கு மணிக்கு ஒரு வண்டி வந்தது, கொண்டுவந்திருந்தது 275/70. எண்ணில் பத்துதான் வித்தியாசம், ஆனால் விட்டத்தில் ஐந்தரை சென்டிமீட்டர் குட்டை. முன் ஆக்சிலில் ஒரு கால் நெட்டை ஒரு கால் குட்டையாக எப்படி ஓட்டுவது? அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனார். சரியான டயர் இரவு எட்டரைக்கு வந்தது. வண்டியில் ஜெனரேட்டர் இருந்ததால் குளிர்சாதனம் ஓடியது, தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும் இருந்தன, உயிருக்குப் பழுதில்லை. ரசீது 1,140 டாலர். சேவை நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த வனாந்தரத்தில் வேறு எவரும் இதைவிடச் சீக்கிரம் வந்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

அன்று எனக்கு உறைத்தது இதுதான்: பாலைவனத்தில் கைகளுக்குப் பஞ்சமில்லை, சரியான அளவுக்குத்தான் பஞ்சம். சரியான டயர் என் கையில் இருந்தால் மாட்டுவதற்கு ஒருவர் வந்துவிடுவார்.

அப்படியானால் ரிம் இல்லாமல் வெறும் டயரைக் கொண்டுபோனால் போதாதா? பலர் அப்படித்தான் செய்கிறார்கள், தப்பில்லை. ரிம் இல்லாவிட்டால் 70 பவுண்டு குறையும், பக்க அறையில் படுக்க வைக்கலாம். நாங்களும் ஆறு மாதம் அப்படி ஓட்டிப் பார்த்தோம். அறையின் பாதியை அது விழுங்கிவிட்டது. என் கிரைண்டரும் இருபது பவுண்டு இட்லி அரிசியும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் குடியேறின. நடு ராத்திரியில் கால் விரலை இடித்துக்கொண்டவர் என் கணவர். தாங்கி வாங்கலாம் என்று முதலில் சொன்னவரும் அவரே.

இனி தாங்கியைப் பற்றி. நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் நிறையக் குறை சொல்லப்போகிறேன். தவிர இதே வடிவில் மூன்று நான்கு பேர் செய்கிறார்கள், குறைகளும் ஏறக்குறைய பொதுவானவை. கார் இழுக்கும் கொக்கிக்காக வண்டியின் பின்னால் இரண்டு அங்குலச் சதுரத் துளை இருக்கும் அல்லவா, அதில் செருகும் ஒரு தண்டு. தண்டிலிருந்து செங்குத்தாக ஒரு கை. கையின் நடுவில் சக்கரத்தைத் திருகிப் பிடிக்கும் தட்டு, உச்சியில் பட்டையைச் சுற்றிப் பாரத்தைத் தூக்கும் கைவின்ச். தண்டின் மறுமுனையில் இன்னொரு சதுரத் துளை, இழுத்துப் போகும் காரின் கம்பியை அதில் மாட்டிக்கொள்ளலாம். தாங்கி மட்டும் 70 பவுண்டு. நான் கொடுத்த விலை 880 டாலர், அனுப்பும் செலவு தனி.

வந்த அன்றே தகராறு. தட்டில் இருந்த துளைகள் எட்டு போல்ட் சக்கரத்துக்கானவை. எங்கள் சக்கரத்துக்குப் பத்து போல்ட், வட்டத்தின் விட்டம் 285.75 மில்லிமீட்டர், நடுத்துளை 220. விளம்பரத்தில் '22.5 அங்குலம் வரை பொருந்தும்' என்று போட்டிருந்தார்கள். பொருந்துவது வேறு, பிடிப்பது வேறு. தொலைபேசியில் கேட்டால் நடுவில் ஒரு பட்டையைப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். 84 கிலோவை நெடுஞ்சாலையில் ஒரு பட்டையை நம்பி விட்டுவிட்டு, பின்னால் வருகிறவன் கதி என்ன என்று யார் யோசிப்பது? கேட்டி ஊரில் ஒரு வெல்டிங் பட்டறையில் கால் அங்குலத் தகட்டில் மூன்று துளை போட்டு, நடுத்துளையில் உட்காருவதற்கு ஒரு வளையமும் வைத்துத் தரச் சொன்னேன். 140 டாலர். அந்த வளையம்தான் இந்தத் தாங்கியிலேயே சிறந்த பாகம், அதைச் செய்தவர் தாங்கியைச் செய்தவர் இல்லை.

அடுத்தது எடை. வண்டியின் வால் நுனியில் 255 பவுண்டு தொங்கினால் அது 255 பவுண்டோடு நின்றுவிடாது. குழந்தைகள் ஏறி இறங்கி ஆடும் ஏற்றப்பலகை மாதிரி, பின் அச்சு நடுக்கட்டை, முன் அச்சு மறுமுனை. டெக்சாஸின் லிவிங்ஸ்டனில், மோட்டார்ஹோம்காரர்களின் எஸ்கேப்பீஸ் மன்றத்தில் ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்டுத் தருவார்கள். தாங்கி இல்லாமல் ஒருமுறை, தாங்கியோடு ஒருமுறை போட்டுப் பார்த்தேன். முன் அச்சு 160 பவுண்டு லேசாகியிருந்தது, பின் அச்சு 415 கூடியிருந்தது. எங்கள் முன் அச்சு ஏற்கெனவே கனம் என்பதால் அது நல்லதாகவே முடிந்தது. முன்பக்கம் லேசான வண்டிக்கு இது ஸ்டீயரிங்கைத் தடுமாற வைக்கும். பின் அச்சில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாமல் யாரும் இதை வாங்க வேண்டாம்.

இழுக்கும் திறனையும் சொல்லிவிடுகிறேன். கொக்கியை நீட்டினால் அதன் தாங்குதிறன் குறையும். நாங்கள் இழுப்பது 2012 ஹோண்டா சிஆர்-வி, சுமார் 3,400 பவுண்டுதான், கவலையில்லை. ஜீப்பையோ பெரிய பிக்கப்பையோ இழுப்பவர்கள் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். ரேடியேட்டர் பின்புறம் இருக்கும் வண்டிகளுக்கு இந்த வடிவமே ஆகாது. காற்று வரும் வாசலில் ஒரு மீட்டர் அகல மூடியை மாட்டியதாகிவிடும். எங்களுடையது பக்கவாட்டு ரேடியேட்டர், பிழைத்தோம்.

இப்போது இறக்கும் விதம். இதைத்தான் விளம்பரப் படத்தில் ஒரு தாத்தா சிரித்துக்கொண்டே ஒரு கையால் செய்கிறார். நான் செய்வது இப்படி. முதலில் காரைக் கழற்றி நகர்த்த வேண்டும், ஏனென்றால் கை பின்பக்கமாகத்தான் சாயும், கார் இருந்தால் அதன் இழுகம்பிமேல் உட்கார்ந்துவிடும். இதைச் செய்முறைத் தாளில் எங்கும் சொல்லவில்லை. கார் போன பிறகு, வின்ச்சின் கைப்பிடியைக் கால் சுற்று இறுக்கினால் பாரம் பட்டையில் ஏறும், பூட்டுப்பின் தளரும். பின்னை உருவும்போது உடம்பு முழுவதும் வண்டிக்குப் பக்கவாட்டில் இருக்க வேண்டும், பின்னால் அல்ல. அதன் பிறகு கைப்பிடியைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். சக்கரம் மெதுவாகத் தலை சாய்க்கும். நாற்பத்தைந்து டிகிரி தாண்டும்போது பாரம் சட்டென்று கூடுவது கைப்பிடியில் தெரியும். முதல் தடவை அந்த இடத்தில் பயந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "நீ கையை விட்டால்கூட அது நிற்கும், பிரேக் இருக்கிறது" என்றார். விட்டுப் பார்த்தேன். நின்றது. பிரேக் உள்ள வின்ச்சைப் போட்டிருப்பதற்காகச் செய்தவர்களுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்.

டயர் தரையைத் தொட்டதும் திருகுகளைக் கழற்றி நிமிர்த்திவிட்டால், அந்த 84 கிலோ பூனைக்குட்டி ஆகிவிடும். இரண்டு விரலால் உருட்டலாம். ஆனால் அது ஒருபக்கம் சாய ஆரம்பித்துவிட்டால் பிடிக்கப் பார்க்காதீர்கள். விட்டுவிட்டு விலகுங்கள். விழுந்த சக்கரத்தை நெம்பி எடுத்துவிடலாம், விழுந்த சக்கரத்துக்கு அடியில் இருக்கும் பாதத்தை என்ன செய்வது? திருவாரூரில் ஆழித்தேர் பார்த்து வளர்ந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? தேரை இழுப்பவர்கள் ஆயிரம் பேர், திருப்புவதும் நிறுத்துவதும் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற சில பேர்தான். அவர்கள் ஒருநாளும் சக்கரத்துக்கு முன்னால் நிற்க மாட்டார்கள். நானும் இரண்டு மரக்கட்டைகளை எப்போதும் வைத்திருக்கிறேன், உருட்டி நிறுத்திய கையோடு இருபுறமும் அணை கொடுத்துவிடுவேன்.

நானே மாட்டிவிடுகிறேனா என்று எல்லாரும் கேட்கிறார்கள். இல்லை. பத்து நட்டுகளையும் 450 முதல் 500 அடி-பவுண்டு வரை முறுக்க வேண்டும். என் எடை 115 பவுண்டு; நான்கு அடி நீளக் கம்பியின் நுனியில் ஏறி நின்றால் 460 ஆகிறது, சரியாக இருக்கிறது என்று கணக்கில் மகிழலாம். ஆனால் துருவோடு இறுகிப்போன நட்டைக் கழற்ற அது பத்தாது. பல்சக்கரம் வைத்த திருகுகருவி ஒன்று 33 மில்லிமீட்டர் சாக்கெட்டோடு வைத்திருக்கிறேன், வீட்டு வாசலில் நட்டுகளைக் கழற்றியும் பார்த்துவிட்டேன். அதோடு சரி. லாரிகள் பறக்கும் சாலையோரத்தில், காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள வண்டியை ஜாக்கியில் தூக்கி அதன் அருகில் உட்காருவது என் வயதுக்கு வேண்டாத வீரம். காற்று இறங்கினால் வண்டி எச்சரிக்கை கொடுத்துவிட்டு இறங்காது.

இரண்டரை ஆண்டு சும்மா சுமந்த பிறகு 2024 அக்டோபரில் வேளை வந்தது. ஆல்புகர்க்கியில் பலூன் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். நியூ மெக்சிகோவில் ஐ-25இல் ட்ரூத் ஆர் கான்சிக்வன்சஸ் என்று ஓர் ஊர். 1950இல் ஒரு வானொலிப் போட்டி நிகழ்ச்சிக்காகத் தன் பெயரையே மாற்றிக்கொண்ட ஊர். அதைத் தாண்டி, சொகோரோவுக்குத் தெற்கே, கருவி மறுபடி அலறியது. பின் வலது, வெளிச்சக்கரம். இரட்டையில் ஒன்று போனால் வண்டி ஆடாது, அசையாது. கருவி இல்லாவிட்டால் தெரிந்தே இருக்காது. அதுதான் ஆபத்து, இருவர் சுமையையும் உள்டயர் ஒன்றே சுமந்து சூடேறிவிடும். இறங்குபாதையில் நிறுத்திப் பார்த்தால் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு ஓர் இரும்புத் துண்டு.

இந்த முறை தொலைபேசியில் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "டயர் ரிம்மோடு என்னிடம் இருக்கிறது, ஆள் மட்டும் வேண்டும்." ஒரு மணி நாற்பது நிமிடத்தில் ஆள். அவர் வருவதற்குள் காரைக் கழற்றி, சக்கரத்தை இறக்கி, உருட்டிக்கொண்டுபோய்ப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டை கொடுத்து நிறுத்தியிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், "இதை இறக்கியது யார்?" என்றார். அறுபத்தொரு வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. ஸ்டெப்னி இரும்பு ரிம், கழற்றியது அலுமினியம். அலுமினியத்துக்கான நீள போல்டில் இரும்பு ரிம் தாராளமாக உட்காரும் என்று நான் தயங்கித் தயங்கிச் சொல்வதற்குள் அவர் பாதி நட்டுகளை மாட்டிவிட்டார். முப்பத்தைந்து நிமிட வேலை, 290 டாலர். ஐம்பது மைல் போனதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பார்க்கச் சொன்னார், சொகோரோ தாண்டி ஒரு லாரிக் கடையில் அதையும் செய்தோம்.

வாங்குவதற்கு முன்னால் யாரும் யோசிக்காத விஷயம் அப்போதுதான் ஆரம்பித்தது. புதியது போனது சரி, பழையது எங்கே போகும்? கெட்ட சக்கரமும் 70 கிலோவுக்கு மேல், அதையும் தாங்கியில் ஏற்றியாக வேண்டும். இறக்குவதற்குப் பூமி உதவி செய்கிறது, ஏற்றுவதற்கு என் தோள்தான். தட்டின் துளையும் ரிம்மின் துளையும் நேராக வரவேண்டும், ஆனால் சக்கரம் இரண்டு விரற்கடை கீழே இருக்கிறது. அங்கே கடப்பாரை. டயருக்கு அடியில் கடப்பாரையை நுழைத்து, அதன் கீழ் ஒரு கட்டையை வைத்து, குதிகாலால் மிதித்தால் மயிரிழை மயிரிழையாக உயரும். ஒரு காலால் மிதித்துக்கொண்டே கையால் திருகை நுழைக்க வேண்டும். நான்கு தடவை தவறியது. ஐந்தாவது தடவை நுழைந்தது. பிறகு வின்ச்சில் சுற்றி ஏற்றியபோது, பட்டை உருளையில் ஓரமாகச் சாய்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. பாதியில் இறக்கி, பட்டையை நீவிவிட்டு, மறுபடி ஏற்றினேன். பட்டைக்கு வழிகாட்ட இரண்டு கம்பி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? மொத்தம் ஐம்பது நிமிடம், ஒரு லிட்டர் மோர்.

அன்றாடத் தொல்லை இன்னொன்று: என்ஜின் எண்ணெய் அளவு பார்க்கும் கோல் பின்கதவுக்கு உள்ளே. சக்கரத்தைச் சாய்க்காமல் கதவு திறக்காது, காரைக் கழற்றாமல் சக்கரம் சாயாது. எனவே கார் மாட்டுவதற்கு முன்னாலேயே எண்ணெய் பார்த்துவிடுவது என்று பழக்கிக்கொண்டோம். மறந்தால் மறந்ததுதான்.

வெயிலும் சும்மா விடாது. டயரின் பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் ஆண்டும். என் ஸ்டெப்னி 0922, அதாவது 2022இன் ஒன்பதாவது வாரம். ஓடாவிட்டாலும் டயருக்கு வயது ஏறும், பத்து ஆண்டுக்கு மேல் மிஷலின் நிறுவனமே வேண்டாம் என்கிறது. வெள்ளை உறை போட்டு மூடிவைத்திருந்ததால் இரண்டரை ஆண்டில் ஒரு வெடிப்புகூட இல்லை. காற்றழுத்தக் கருவியின் ஏழாவது உணரியை ஸ்டெப்னிக்கும் மாட்டியிருக்கிறேன். காற்றில்லாத ஸ்டெப்னியைச் சுமப்பதற்குக் கல்லைச் சுமக்கலாம்.

வடிவத்துக்கு நான்கு கொடுப்பேன், ஐந்துக்கு. வின்ச்சுக்கு ஐந்து. தட்டுக்கும் செய்முறைத் தாளுக்கும் ஒன்று, அதுவும் தாள் நல்ல தாள் என்பதால். காரை இழுக்காதவர், பக்கவாட்டு ரேடியேட்டர் உள்ளவர், மேற்கு டெக்சாஸ், நியூ மெக்சிகோ, நெவாடா பக்கம் அடிக்கடி போகிறவர் தயங்காமல் வாங்கலாம். நகரத்துக்கு நகரம் தாவி, இரவில் முகாமில் தங்குபவருக்கு வெறும் டயரே போதும், அதுகூட வேண்டாமாக இருக்கலாம்.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் சக்கரத்தை ஏற்றும் படத்தை அனுப்பியிருந்தேன். பட்டறையில் எல்லாருக்கும் காட்டினானாம். கடப்பாரையை நான் பிடித்திருக்கும் விதம் தப்பு, கட்டை இன்னும் ஒரு சாண் உள்ளே போக வேண்டும் என்று அங்கே ஒரு கிளீனர் பையன் சொன்னானாம். போன வாரம் வாசலில் அப்படியே செய்து பார்த்தேன். முதல் தடவையிலேயே திருகு நுழைந்தது.